ஒருமை இல்லாத சொல்

"கதவைச் சாத்துக்கா! தாழ்ப்பாளையும் போடு!"

மாடிப்படி முழுக்க ஓடி வந்ததில் ஹெரென்னியுஸுக்கு மூச்சு இரைத்தது. ஒரு செருப்பு சுபூரா தெருவிலேயே கழன்று விழுந்திருந்தது. பயறு கிளறிக்கொண்டிருந்த அக்கா விபியா, அகப்பையோடு திரும்பினாள்.

"எவன்டா துரத்துறான்?"

"செர்வியுஸ். செனட்டர் மகன். பள்ளிக்கூடத்துல வாயை விட்டுட்டேன்."

அப்பாவின் ரொட்டிக் கடை இருந்த கட்டடமே அந்தச் செனட்டருடையதுதான். விபியாவின் முகம் வெளுத்தது.

"என்னத்தைப் பேசித் தொலைச்ச?"

"வாத்தியார் இலக்கணம் கேட்டாரு. பெரிய குடும்பத்துக்காரங்களை 'ஆப்டிமாத்தேஸ்'னு சொல்றோம்ல, அதுக்கு ஒருமை என்னன்னாரு. செர்வியுஸ் திருதிருன்னு முழிச்சான். நான் எந்திரிச்சு, 'ஆப்டிமாஸ்னு ஒண்ணு இருக்கு, ஆனா யாரும் சொல்றதே இல்ல. ரொம்ப நல்லவன்ங்கிற சொல்லுல இருந்து வந்தது. தனித்தனியா எடுத்தா ஒருத்தனும் தேறமாட்டான், கும்பலா நின்னாத்தான் நல்லவங்க'ன்னேன். வகுப்பே சிரிச்சிருச்சு."

விபியாவுக்கும் சிரிப்பு முட்டியது. அகப்பையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"துரத்திக்கிட்டே கத்துறான்க்கா. தினமும் காலையில அப்பா அவங்க வீட்டுக்குக் கும்பிடு போடப் போறாருல்ல, நாளைக்கு நானும் கூட வரணுமாம். அத்தனை பேர் முன்னாடி, 'அந்த ஒருமைக்கு ஒரு ஆள் இருக்கு, அது இந்த வீட்டு எஜமான்தான்'னு சொல்லணுமாம். இல்லாட்டி கடையைக் காலி பண்ண வச்சிருவாங்களாம்."

"சொல்லிட்டு வாயேன். நாக்கு என்ன தேஞ்சா போகும்?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லமாட்டேன். இலக்கணம் என்ன அவங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

கதவு தட்டப்பட்டது. அப்பா. கண்ணிமை வரை மாவு. மகன் வீடு வந்து சேரும் முன்பே சேதி கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"சரிங்க பண்டிதரே, நம்மளை என்னன்னு சொல்றாங்க?"

"பிளெப்ஸ். சாதாரண சனங்கன்னு அர்த்தம்."

"அது ஒருமையா, பன்மையா?"

"ஒருமைப்பா. எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் ஒருமைதான்."

"அவங்க நாலு பேரு, பன்மை. நாம ஊரு பூரா, ஒருமையா!" அப்பா தொண்டை கமறச் சிரித்தார். "நாளைக்கு நீ வரவேண்டாம். நானும் போகல."

விபியா பயறுச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"ஆனா படிச்சவன் நீ, ஒண்ணு சொல்லுடா," என்றார் அப்பா. "அவங்க ஆளுங்க வந்து நம்ம கடை அடுப்பை அணைக்கிறப்ப, இந்தத் தெரு நம்ம பக்கத்துல ஒருமையா நிக்குமா?"