முத்துப்பல் ஒண்ணு ரெண்டு மூணு

பல் டாக்டருக்கு எவ்வளவு கோணலான பல்வேரும் கைக்குப் பிடிபட்டுவிடும். பாஸ்வேர்ட் மட்டும் தலையில் நிற்காது. எக்ஸ்ரே கம்ப்யூட்டர், மருந்து ஆர்டர், பல்செட் செய்கிற லேப் என்று அத்தனைக்கும் உரியது வரவேற்பில் இருந்த தங்கையின் மண்டைக்குள்தான் இருந்தது. அவர் உள்ளேயிருந்து கத்துவார். அவள் வெளியேயிருந்து பதில் கத்துவாள்.

ஒரு நாள் அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"பாப்பா, எக்ஸ்ரேக்கு என்ன?"

"முத்துப்பல், ஒண்ணு ரெண்டு மூணு!"

சொன்னது பாப்பா இல்லை. பெஞ்சில் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்த பஸ் டிரைவர். பாட்டிலோடு திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வர்றப்பல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சும்மா," என்றார் டிரைவர் பெருமையாக.

அவளுக்குக் காது வரை சூடேறியது. வருகிறவர்கள் அத்தனை பேரின் வாயும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறதே!

அன்று சாயங்காலமே பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றைப் போட்டு, தனக்கும் அண்ணனுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்து, பழையதையெல்லாம் மாற்றி உள்ளே பூட்டினாள். பிறகு அண்ணனை இழுத்து வந்து உட்காரவைத்தாள்.

"இதைத் திறக்க ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, போதும். நீளமா வை. யார்கிட்டயும் சொல்லாதே."

"உன்கிட்டயுமா?"

"என்கிட்டயும்தான்."

அண்ணன் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே.

"அண்ணா, கேக்குது!"

"காதைப் பொத்திக்கோயேன்."

"நீ வாயைப் பொத்து. அழிச்சிட்டு வேற வை."

நாள் முழுக்க அடுத்தவரை வாய் திறக்கச் சொல்கிறவர், தன் வாயை மூடக் கற்றுக்கொள்வதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது.

அடுத்த மாதம் அவள் கணவனோடு கடற்கரைக்கு லீவில் போனாள். அவள் இடத்தில் உட்கார வந்த பெண்ணுக்கு அப்பாயின்ட்மென்ட் லாகினை மட்டும் பகிர்ந்திருந்தாள்; திரும்பியதும் அதை நிறுத்திவிடலாம். முந்தைய லீவுகளில் கால் நனைவதற்குள் அண்ணனின் போன் வந்துவிடும். இந்த முறை வரவே இல்லை. முதல் நாள் நிம்மதியாக இருந்தது. மறுநாள் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தாள். அதற்கும் மறுநாள் பொறுக்கமாட்டாமல் அவளே கூப்பிட்டாள்.

"என்னண்ணா, ஒண்ணும் கேக்கவே இல்ல?"

"கேக்க என்ன இருக்கு? எல்லாம் நல்லாத் திறக்குது. இங்க ஒருத்தர் வாயைத் திறந்துட்டு இருக்கார், வை போனை."

"என்னவாம்?" என்றான் கணவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"என் மண்டைய வேலைய விட்டு எடுத்துட்டாங்களாம்," என்றாள் அவள். கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீருக்கு இறங்கிப் போனாள்.