அக்கா தங்கிய அறை

எதிர்ப்பக்கம் புதிதாக எழும்பிய பெரிய ஓட்டல், கதவைத் திறப்பதற்கு முன்பே ஆள் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. சமையல்காரரை விட்டுவிட்டு முதல் தூண்டிலை அக்காவுக்குத்தான் போட்டார்கள். விவரமானவர்கள்.

அக்கா என்றால் இந்த ஓட்டலில் ஒரே ஒருவர்தான். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கெல்லாம் தலைவி. மானேஜரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவர் அவனைத் தம்பி என்பார். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அவர் கிளம்பினால் பாதிப் பெண்கள் பின்னாலேயே கிளம்புவார்கள், அப்புறம் ஓட்டலை இழுத்து மூட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைக்குள் அக்கா எதிர் ஓட்டலுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே என்ன குறை என்று அவன் நேராகவே கேட்டுவிட்டான்.

"குறைன்னு ஒண்ணும் இல்ல தம்பி. இங்க இருந்தாலும் அங்க இருந்தாலும் நான் விரிக்கிற கட்டில்ல வேற யாரோதான் படுக்கப் போறாங்க. அங்க சம்பளம் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்."

சம்பளத்தைக் கூட்ட அவன் கையில் அதிகாரம் இல்லை. அது முதலாளி கையில் இருந்தது. முதலாளி அவனுக்குத் தாய்மாமா. மாமாவின் கையிலிருந்து காசு பெயர்வது பாறையிலிருந்து வேர் பெயர்வது மாதிரி. ஆனால் கட்டில் விஷயம் அவன் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் மாமாவிடம் போய், வாரம் ஒருவராக, இங்கே வேலை செய்கிறவர்கள் ஓர் இரவு குடும்பத்தோடு இங்கேயே விருந்தாளியாகத் தங்கட்டும், மற்றவர்கள் கவனித்துக்கொள்ளட்டும், முதலில் அக்கா என்று சொன்னான்.

மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வேலைக்கு வைத்தோமா, சம்பந்தம் பண்ணினோமா என்று கேட்டார். மானேஜர் விடவில்லை. சின்ன வயதில் மிட்டாய்க்கு நச்சரித்த அதே வாய்தானே. நச்சரிப்பு தாங்காமல் மாமா சரி என்றார், ஒரு நிபந்தனையோடு. இந்தக் கூத்தால் ஒரே ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்துப் போனாலும், அன்றோடு இதற்கு மங்களம்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா தன் வீட்டுக்காரரோடு வந்தார். அவர் பேருந்து ஓட்டுநர். ஆள் மலை மாதிரி, பேச்சு மட்டும் எறும்பு மாதிரி. தினமும் பின்வாசல் வழியாக வருகிற அக்காவுக்கு முன்வாசலில் கால் கூசியது. அவருடைய பெட்டியை வாங்க மூன்று பெண்கள் போட்டி போட்டார்கள். தோட்டத்தைப் பார்த்த மூலை அறை, இருக்கிற அறைகளிலேயே நல்ல அறை. சாப்பாடு மேலேயே போனது. தட்டை எடுக்கப் போன பெண், அக்கா மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார், ஆனால் நாற்காலியின் நுனியில் என்று வந்து சொன்னாள்.

மறுநாள் காலையில்தான் வந்தது வினை.

அக்கா வழக்கம்போல் விடிவதற்கு முன்பே எழுந்தார். எழுந்தவர் சும்மா இருந்தாரா? படுக்கையை இழுத்து விரித்தார். தலையணைகளைத் தட்டி நிமிர்த்தினார். குளியலறையைத் தேய்த்துத் துடைத்து ஈரம் தெரியாமல் காயவைத்தார். குப்பைக் கூடையைக் காலி செய்தார். பெட்டியை அலமாரிக்குள் தள்ளி மூடினார். பிறகு, நடைக்குப் போன வீட்டுக்காரரைத் தேடித் தோட்டத்துக்கு இறங்கினார். அவரோ இன்னொரு படி வழியாக ஏறி வந்து, குளிக்கப் போய்விட்டார்.

அவர் ஏறி வருவதற்கு முன்பே கதவைத் திறந்து எட்டிப் பார்த்த பெண், அறை பளிச்சென்று இருப்பதைக் கண்டு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டார் என்றே நினைத்தாள். வரவேற்பு மேசையில் அறை தயார் என்று சொன்னாள். அங்கே கணினியிலும் அறை காலி என்றுதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து, மாதம் தவறாமல் வருகிற துணி வியாபாரி பெட்டியோடு வந்து நின்றார். சாவி கைமாறியது.

வியாபாரி கதவைத் திறந்ததும், உடம்பெல்லாம் சோப்பு நுரையும் இடுப்பில் ஒரு துண்டுமாக ஓட்டுநர் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். யார் முதலில் அலறியது என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

மானேஜர் மூச்சிரைக்க மேலே ஓடினான். அக்காவும் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். சத்தம் கேட்டு மாமாவும் வந்து, மாடிப்படி முடிகிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வியாபாரி அக்காவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். அறை கூட்டுகிறவளையும் அவள் புருஷனையும் படுக்க வைத்த கட்டிலில் நான் படுக்க வேண்டுமா, இவர்களை உடனே வெளியே அனுப்பு என்று எகிறினார்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தப்பு என்னுடையதுதான், சும்மா இருக்கத் தெரியவில்லை, இதோ போய்விடுகிறோம் என்று அலமாரியைத் திறந்து பெட்டியை இழுத்தார். ஓட்டுநர் துண்டைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். அந்த மலை அப்படிக் குனிந்ததை மானேஜரால் பார்க்க முடியவில்லை.

மானேஜர் அக்காவின் கையிலிருந்து பெட்டியை வாங்கிக் கீழே வைத்தான்.

"மன்னிச்சுக்குங்க சார், தப்பு என்னோடது. இவங்க வந்ததை நான் கணினியில பதியச் சொல்லல. காசு குடுக்கற விருந்தாளியா இருந்தா மறந்திருக்க மாட்டேன். உங்களுக்கு வேற நல்ல அறை தரேன். ஆனா இந்த அறை மதியம் வரைக்கும் இவங்களோடது."

வியாபாரி மாமாவைப் பார்த்தார். மாமா கட்டிய கையைப் பிரிக்காமல் நின்றார். இனி இந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வியாபாரி படியிறங்கினார்.

முகம் சுளித்துப் போன வாடிக்கையாளர் ஒருவர். போயிற்று, எல்லாம் போயிற்று என்று மானேஜருக்குத் தோன்றியது. அன்று வெள்ளிக்கிழமை வேறு. மாமா மெதுவாக அறைக்குள் வந்தார். கட்டிலைச் சுற்றி நடந்தார். விரிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ராத்திரி தூங்கினியாம்மா, இல்ல முழுக்கத் துடைச்சுக்கிட்டே இருந்தியா?"

"நல்லாத் தூங்கினேன் ஐயா," என்றார் அக்கா. "நான் விரிச்ச கட்டில் இவ்வளவு சுகமா இருக்கும்னு எனக்கே தெரியாது."

பிறகு மானேஜரிடம் திரும்பினார். எதிர் ஓட்டலுக்கு வரவில்லை என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். சம்பளம் கூட என்றாரே என்று அவன் தயங்கினான்.

"சம்பளம் கூடத்தான் தம்பி. ஆனா வீட்டுக்காரர் முன்னாடி எனக்காக இப்படி யாரும் இதுவரைக்கும் பேசினதில்ல. அவர் தலை நிமிர்ந்திருச்சு பாருங்க."

நிமிர்ந்துதான் இருந்தது. சோப்பு கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தாலும் வாயெல்லாம் பல்லாக நின்றார் ஓட்டுநர். மானேஜர் அவரைப் போய்க் குளிக்கச் சொன்னான்.

நிபந்தனையை மாமா மறக்கிறவர் இல்லை. படிவரை போனவர் நின்றார். அடுத்த வாரம் யார் முறை என்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டார். பாத்திரம் கழுவுகிறவர் என்றான் மானேஜர்.

"கணினியில முதல்ல அவர் பேரைப் போடு. எதிர் ஓட்டல்ல எவ்வளவு கூடத் தர்றதாச் சொன்னாங்கன்னும் அக்காகிட்ட கேட்டு வை."