பாலைமரத்தடி அடுப்புக்கல்

காலபோக நெல் விதைப்பு முடிந்தால் போதும், வற்றாப்பளைக்கு அங்கால் களப்புக் கடலோரப் புல்வெளியில் ஒரு ஊரே முளைத்துவிடும். வயலில் பயிர் நிற்கையில் மாட்டுக்கு ஊரில் என்ன வேலை? நாலு பக்கத்திலிருந்தும் மாட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து, பட்டி அடைத்து, கொட்டில் போட்டு, அறுவடைவரை இருப்பார்கள். அங்கே காணி உறுதிப் பத்திரமும் இல்லை, வேலியும் இல்லை. அடுப்புக்கல் மூன்றும் எங்கே கிடக்கிறதோ அதுதான் அவரவர் இடம். ஒருவர் வராத வருசம், பக்கத்துக் கொட்டில்காரர் அந்தக் கல்லில் ஒருதரம் உலை வைக்கவேணும். வைக்காவிட்டால் இடம் போய்விடும்.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தோடு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மஸாஹிர், சண்டை நின்று சமாதானம் வந்த அடுத்த வருசம் புத்தளத்திலிருந்து திரும்பி, இரண்டு பசுவோடு அங்கே வந்தான். வாப்பா வருசாவருசம் கொட்டில் போட்ட இடம் இப்போது யார் கையிலோ என்று வழியெல்லாம் அதே யோசனை. கேட்கப் பயம். கடைசி ஓரமாய்ப் போய்க் குந்தி, கொண்டுவந்த மூன்று செங்கல்லை அடுக்கினான், மடையன்!

அழகம்மா கண்டுவிட்டாள். அந்தக் காலத்துப் பக்கத்துக் கொட்டில்காரி. அவள் வாய் திறந்தால் களப்புக் கொக்கெல்லாம் எழும்பிப் பறக்கும்.

"எட மஸாஹிர்! கல்லுக் கொண்டு வாறவன் வழிப்போக்கன். நீ ஆரடா?" செங்கல்லைக் காலால் தட்டிவிட்டு, கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பாலைமரத்தடியில் நிறுத்தினாள்.

வாப்பாவின் கருங்கல் மூன்றும் அங்கே இருந்தன. நடுவில் சூடாறாத சாம்பல்.

"நீங்களும் இடம்பெயர்ந்து திரிஞ்சனீங்கள்தானே அக்கா. இது எப்பிடி?"

அழகம்மா குனிந்து கல்லில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பின்னால் வந்த அவள் புருசன் தங்கராசா சொன்னார்: "சண்டைக்குள்ளை ஓடேக்கை வண்டிலிலை சட்டிபானைக்கே இடமில்லை. இவா உந்தக் கல்லை ஏத்திப்போட்டா. போன போன இடமெல்லாம் வருசத்துக்கொருக்கா இதிலை ஒரு உலை. எனக்கு வந்த விசர்க் கோவம்! போன வருசம்தான் திரும்பக் கொண்டந்து வைச்சவா."

"அப்ப உங்கடை கல்லு?"

"அதுக்கு எங்கை இடம்? விட்டிட்டு ஓடினம்."

மஸாஹிர் அப்போதுதான் அவர்களுடைய கொட்டிலைப் பார்த்தான். அடுப்பில் பானை மூன்று செங்கல்லின் மேல் இருந்தது.

"நான் ஆளா வந்து நிக்கிறன், எனக்கென்னத்துக்குக் கல்லு?" என்று எரிந்து விழுந்தாள் அழகம்மா. "இஞ்சை இல்லாதவனுக்குத்தானே வேணும்."

மஸாஹிர் விம்மி விம்மி அழுதான். பிறகு போய், அந்தப் பானையைச் சாறத் தலைப்பால் பிடித்துத் தூக்கிவந்து வாப்பாவின் கல்லில் வைத்தான்.

"அல்லாஹ் உங்களை நல்லா வைச்சிருக்கோணும் அக்கா. இனி ரெண்டு கொட்டிலுக்கும் இதுதான் அடுப்பு."

"அரிசி அரைவேக்காட்டிலை நிக்குது, கதைக்கிறார் கதை," என்றாள் அழகம்மா. "குந்தி ஊதடா."

மஸாஹிர் குந்தி ஊதினான்.