தெரியாதவர்களின் கை

முந்தின நாளே பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன். கேள்வி கேட்டால் எல்லாரும் கை உயர்த்த வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வலது கை உயர்த்தியவர்களைத்தான் நான் எழுப்பி விடை கேட்பேன். கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரிகள் யாராவது வகுப்பைப் பார்க்க வரும்போதெல்லாம், இருபத்திரண்டு வருடங்களாக இதைத்தான் செய்து வந்திருக்கிறேன்.

இந்த முறை வந்தவர்கள் கந்தோர்க்காரர் அல்ல. என்னோடு தேநீர் குடிக்கும் இரண்டு பேர். பிரகலாதன் சேர், மூதூரிலிருந்து விடியப் பஸ் ஏறி வரும் றுஷ்தா டீச்சர். கணிதம் படிப்பிக்கும் நாங்கள் மூவரும் செவ்வாய்க்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு கூடி, ஒரு பாடத்தைச் சேர்ந்து தயாரிப்போம். ஒருவர் படிப்பிக்க, மற்ற இருவரும் பின்னால் இருந்து பார்ப்பார்கள். பார்ப்பது பிள்ளைகளைத்தான், உங்களை அல்ல என்று றுஷ்தா சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. பிள்ளைகளைப் பார்த்தால் நான் தெரியமாட்டேனா? என் வகுப்பில் பாதிப்பேருக்குப் பின்னம் விளங்கவில்லை. கதவைச் சாத்திப் படிப்பித்தவரை அது எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

ஆறாம் தரம். மூன்றிலொன்றா நான்கிலொன்றா பெரிது என்று கேட்டேன். முப்பத்தொரு கைகளும் எழுந்தன. வலது கை உயர்த்திய கௌசிகா சரியாகச் சொன்னாள். பின்னால் பிரகலாதன் சேர் எழுதுவதை நிறுத்திவிட்டு, வரிசை வரிசையாக எதையோ எண்ணினார். நான் அவசரமாக அடுத்த கணக்கைப் பலகையில் எழுதினேன்.

பாடம் முடிந்து கதிரைகளை இழுத்துப்போட்டு இருந்தோம். பிரகலாதன் சேர் தன் கொப்பியை என் பக்கம் திருப்பினார். வகுப்பைப் படமாகக் கீறி, பதினெட்டு இடங்களில் 'இ' என்று எழுதியிருந்தார்.

"டீச்சர், இடக்கை தெரியாத ஆக்கள்தானே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்றேன்.

"என்ர வகுப்பில வலக்கைதான் தெரியாத ஆக்கள்," என்றார் அவர். "ரெண்டு வகுப்பையும் சேர்த்து இருத்தினா நாங்க துலைஞ்சம்."

றுஷ்தா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். தன் வகுப்பில் தெரியாதவர்கள் பெருவிரலை மடித்துக் கை உயர்த்துவார்கள் என்று பிறகு மெல்லச் சொன்னார். நானும் சிரித்தேன். எத்தனை வருடமாக நெஞ்சில் வைத்திருந்த கல் அது. அதே போன்ற கல் பக்கத்துக் கதிரையிலும் இருந்திருக்கிறது.

றுஷ்தா கொப்பியை மறுபடி பார்த்தார்.

"தெரியாதெண்டு பதினெட்டுப் புள்ளைகள் கை ஒசத்திச் சொல்லிருக்கு, டீச்சர். நாமதான் கேக்கல்ல."

பாடத்தை அன்றே மூவரும் மாற்றி எழுதினோம்.

அடுத்த கிழமை அதே கேள்வி. இடது கை உயர்த்திய லதுஷாவை எழுப்பினேன். தான் பிழையான கையை உயர்த்திவிட்டதாக நினைத்தாளாக்கும், அவசரமாக வலது கைக்கு மாற்றினாள்.

"இல்லையம்மா, இடக்கையைத்தான் கேக்கிறன். என்ன நினைக்கிறீங்கள்?"

"மூண்டை விட நாலு பெருசு டீச்சர். அப்ப நாலிலொண்டுதானே பெருசு?"

அவளைச் சுற்றி எத்தனையோ தலைகள் ஆமோதித்தன. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரே அளவான கடதாசித் துண்டுகளைக் கொடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடிக்கச் சொன்னேன். பின்னால் இரண்டு பேனைகள் எழுதிக்கொண்டிருந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.