எச்சில் விழுந்த கடல்

"தூ!" என்ற சத்தம் கேட்டுப் படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படகோட்டி கடலில் துப்பியிருந்தான். எச்சில் விழுந்த இடத்தில் உடனே மீன்கள் மொய்த்தன. பொழுதுபோக்காகத் தூண்டில் போட வந்த துணிக்கடைக்காரர், மீனின் கொழகொழப்பு ஒட்டிய கையைத் தன் வயதான அப்பாவின் சட்டையில் துடைத்துவிட்டுச் சிரித்ததுதான் காரணம்.

படகு, படகோட்டியின் மனைவியின் அண்ணனுடையது. அந்த மச்சானுக்கு விஷயம் சீக்கிரமே பிடிபட்டது. வேண்டுமென்றே துப்பினால் ஒரு நண்டுகூட எட்டிப் பார்க்காது. நிஜமாகவே குமட்ட வேண்டும். அதிலிருந்து, மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு அவன் ஒரே பதிலைச் சொன்னான்: "சார், எவ்வளவு தூரம் போகணும்னு கேக்காதீங்க. நீங்க எவ்வளவு கேவலமான ஆளுன்னு சொல்லுங்க, அதுக்கேத்த இடத்துல நிறுத்துறேன்."

மூக்கைத் தோண்டி இருக்கைக்கு அடியில் தடவுகிறவர்களுக்குக் கரையோரப் பாறைகளே போதும், மத்தி கிடைக்கும். அடுத்தவன் மனைவியைப் பற்றிக் கதை கட்டுகிறவர்கள் முகத்துவாரத்தில் பாறை மீன் பிடித்தார்கள். கரை மறையும் ஆழத்தில் வஞ்சிரம் வேண்டுமென்றால், பெற்ற தாயை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவன் தேவைப்பட்டான். செய்யாததைச் செய்ததாக அளந்து விட்டவர்களின் கதைக்குப் படகோட்டியின் வாய் ஊறவே இல்லை. எனவே ஞாயிற்றுக்கிழமை மீன் வேண்டியவர்கள் சனிக்கிழமையே எதையாவது உண்மையாகச் செய்துவிட்டு வந்தார்கள். நான்கு வருடம் வியாபாரம் அமோகமாக நடந்தது.

குமட்டல் வீட்டுக்கும் கூடவே வந்தது. சோற்றின் ஆவியில், தலையணை உறையில், எல்லாவற்றிலும் அந்த ஆட்களின் வாடை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போனவனின் தோளை ஒரு நாள் மனைவி தொட்டாள். அவன் துப்பிவிட்டான். தொட்டியில் மூன்று மத்திகள் துள்ளின. பூனைக்குப் போட்டாள், அது முகர்ந்துவிட்டு நகர்ந்தது.

"நான் தொட்டாலும் குமட்டுதா உங்களுக்கு? இனி ஒரு தடவை, வீட்டுலயோ கடல்லயோ, துப்புனீங்கன்னா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

அவன் சத்தியம் செய்து கொடுத்தான். அவளை விட்டால் கரையில் அவனுக்கு வேறு யாரும் இல்லை.

ஒரு வாரம் வாயை இறுக மூடிக்கொண்டான். ஆழ்கடலில் ஒருத்தர், மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே அடுத்த கல்யாணத்துக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டதைப் போட்டோவோடு காட்டினார். மேலே ஏறிவந்த கசப்பை அவன் மடக் மடக்கென்று விழுங்கினான். கடல் தட்டுப் போலக் கிடந்தது. வந்தவர்கள் முனகத் தொடங்கினார்கள்.

மச்சான் அவர்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். எல்லோரும் முள்ளில் இரையைக் குத்தித் தயாரானார்கள். பிறகு அவன் படகோட்டியின் பக்கத்தில் வந்து குந்தினான்.

"மாப்ள, தங்கச்சி இப்ப வீட்டுல இல்ல. நீ நேத்து கடல்ல துப்பிட்டேன்னு பொய் சொல்லி, விடியக்காலையில நீ படகுக்கு வந்தப்புறம் நான்தான் அவளை பஸ் ஏத்திவிட்டேன். அப்புறம் எதுக்குடா அடக்கிக்கிட்டு இருக்கே? துப்பு."