பாலிக் பூலாவுக்குப் பின்பக்கமாகப் போன மாப்பிள்ளை

சூசையும் நானும் துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி ஏற்றுகிறவர்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதுக்குள் கரி இருக்கும். அவனுக்குப் பெண் தர ஒப்புக்கொண்ட பாலிக் பூலாவ் ஆரோக்கியநாதன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மாப்பிள்ளை மோட்டாரில் வர வேண்டும், மாட்டுவண்டியில் வந்தால் பெண் இல்லை.

எங்களுக்கு அகப்பட்டது யூசுப் பாயின் பழைய மோட்டார்; மலாயில் கெரேத்தா என்பார், அவரே ஓட்டுவார். ஹார்ன் அடித்தால் கதவு திறந்துகொள்ளும். மேட்டில் முன்பக்கமாக ஏறாது. பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில். மூக்கைத் தூக்கினால் எண்ணெய் இஞ்சினுக்குப் போகாமல் படுத்துவிடும். திருப்பி நிறுத்தி ரிவர்ஸில் விட்டால் குதிரை.

"ஊர் பேரே பாலிக்லா," என்றார் பாய். "மலாய்க்காரன் திரும்புறதத்தானே பாலிக்ங்கிறான்? திரும்பித்தான் போவணும்."

கோவில் மேட்டு உச்சியில் இருந்தது. வாசலில் பெண்வீட்டார். நாங்கள் ரிவர்ஸில் ஏற, அங்கிருந்து பார்த்த ஆரோக்கியநாதனுக்கு வண்டியின் பின்புறமும் சூசையின் பிடரியும்தான் தெரிந்தன.

"ஐயோ, மாப்பிள்ள ஓடுறான்! பிடிங்கடா!"

மணப்பெண் ஜூலியானா முக்காட்டை விலக்கிப் பார்த்தாளாம். "அப்பா, ஓடுறவரு சின்னதாகணும்லா. இவரு பெருசாகிட்டே வர்றாரே."

வண்டி வாசலில் வந்து நின்ற பிறகும் அவர் தணியவில்லை.

"முதுகக் காட்டிக்கிட்டு வர்றவனுக்கு எம்பொண்ணு இல்ல. கீழ போயி முகத்தக் காட்டிக்கிட்டு வா."

"மாமா, முன்னால விட்டா வண்டி நின்னுரும்."

"அப்ப கல்யாணமும் நின்னுரும்."

கரிக்காரன் வெளுத்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுபடி கீழே போனோம். பாய் தாடியைச் சொறிந்தார். "முகந்தானே கேட்டாரு? கெரேத்தா முகம்னு சொல்லலயே."

சூசையைப் பின்சீட்டில் மண்டியிட வைத்து, பின்பக்கமாகத் திருப்பிவிட்டார். பின்னால் மடித்துக் கிடந்த துணிக்கூரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இரவல் கோட்டின் வால் என் மூஞ்சியில் அடிக்க, பல்லை இளித்தபடியே மாப்பிள்ளை மேடேறினான். ஒவ்வொரு குழிக்கும் அவன் தலை தானாகவே ஒரு கும்பிடு போட்டது.

"இதுல்லா மரியாத!" என்றார் ஆரோக்கியநாதன்.

தாலி கட்டி முடிந்து இறங்கும்போது வண்டி நேராகத்தான் போனது. சூசை அதைக் கவனிக்கவில்லை. ஏறிய வேகத்தில் மண்டியிட்டு, பின்னால் திரும்பி, மாமனாரைப் பார்த்து மறுபடி இளிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஜூலியானா கோட்டு வாலைப் பிடித்து இழுத்தாள்.

"பாலிக்லா! பொண்டாட்டி இந்தப் பக்கம் இருக்கேன்."