மல்லாட்டைக் கொல்லையில் வருகைப் பதிவு

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் ஒன்பதாவது கட்டத்தில் பிறந்தது. கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. கதை மட்டும் நான்கு தடவை எழுதப்பட்டுவிட்டது.

முதல் மூன்று தடவையும் 'நான்' என்று ஆரம்பித்தது. மூன்றிலும் அந்த 'நான்' ரொம்ப நல்லவனாகிவிட்டான். ஆகவே இனி அவன் ராஜாமணி. வயது இருபத்திரண்டு. திண்டிவனத்தில் பள்ளிக்கூடக் கணக்குப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தா. சாயங்காலம் ரயிலேறி விழுப்புரம் வந்து டைப்பிங் வகுப்புக்குப் போகிறவன். மிஷின் காலியாகும் வரை பெஞ்சில் காத்திருக்கும் அரைமணியில், டைரியைப் புரட்டிப் புரட்டி இதை எழுதுகிறான். வாக்கியம் பாதியில் நின்றால் அவன் முறை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

ஆரம்பம்: 'ஒரு தேசத்தின் செல்வம் அதன் மக்களே என்பதை இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம்...'

(அடித்தாயிற்று. இது சுற்றறிக்கையின் வாக்கியம். எண்பது பிரதி எடுத்த கை, தானாக எழுதிவிட்டது.)

இன்னோர் ஆரம்பம். தலைமைக் குமாஸ்தா துரைக்கண்ணு ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்:

"அணை கட்டினா இத்தினி ஏக்கர் பாய்ஞ்சுதுன்னு மேல காட்டிடலாம். பள்ளிக்கூடத்துக்குப் பணம் போட்டா இன்னாத்தய்யா காட்டறது? போய்த் தலைய எண்ணிக்கினு வா. தலைதான் நமக்கு ஏக்கர்."

இதிலிருந்தே போகலாம். இந்த ஐம்பத்தெட்டாம் வருஷம், எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் எல்லாம் ஒரே நாளில் பிள்ளைகளை எண்ணுவது என்று உத்தரவாயிற்று. வல்லத்திலிருந்து நான்கு மைல் உள்ளே ஓர் ஊர் ராஜாமணிக்கு விழுந்தது. ஓராசிரியர் பள்ளி, நாலாவது வரைதான். படிவத்தில் ஒன்பதாவது கட்டம்: அன்றைய வருகை. அதில் நாற்பது இருந்தால் இரண்டாவது வாத்தியார் வருவார், ஐந்தாவது திறக்கும். முப்பத்தொன்பது என்றால் திறக்காது. அடுத்த எண்ணிக்கை ஐந்து வருஷம் கழித்து.

நாள் குறித்தவர்கள் காலண்டரைப் பார்த்தார்கள். மல்லாட்டையைப் பார்க்கவில்லை. (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்; அது பிடுங்கும் பருவம்.)

3

பள்ளியில் இருபத்து மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். பதிவேட்டில் நாற்பத்தொரு பெயர்.

"இன்னிக்குப் பாத்து வந்தீங்களே சார்," என்றார் வாத்தியார் அந்தோணிசாமி. "மத்ததெல்லாம் கொல்லையில மல்லாட்டை பிடுங்கிக்கினு இருக்குது."

"கூட்டிக்கினு வர முடியாதுங்களா?"

"யாரு உடுவாங்க? ரெண்டு நாள் போனா மண்ணு இறுகிடும். செடி கையோட வரும், காய் உள்ளயே நின்னுடும்."

ராஜாமணி விதிப் புத்தகத்தை எடுத்தான். 'பதிவேட்டில் பெயர் இருந்து, கூப்பிட்டபோது பதில் சொன்ன பிள்ளையே வந்த பிள்ளை.' எங்கே நின்று கூப்பிட வேண்டும் என்று அதில் இல்லை.

(இதை முதலில் கவனித்தது யார்? முந்தைய பிரதிகளில் ராஜாமணி. டைரியில் இப்படி இருக்கிறது: 'வா. கேட்டார், எங்க கூப்பிடணும்னு போட்டிருக்குதா சார்?' ஆக, பெருமை வாத்தியாருக்கு. அவர் கெட்டிக்காரரா, நேர்மையானவரா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. இரண்டுமாக ஒருவர் இருக்கக்கூடும் என்பது ராஜாமணிக்குத் தாமதமாகத்தான் தோன்றியது.)

பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்தோணிசாமி முன்னால் நடந்தார். கொல்லைக்காரி வீரம்மாள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

"இன்னா வாத்தியாரே, பள்ளிக்கூடம் நடந்து வருது?"

"பேர் கூப்பிடணும் வீரம்மா."

"ஜல்தியா கூப்புடு. கை நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

கை நிற்கவில்லை. குனிந்த முதுகுகளிலிருந்து ஒவ்வொன்றாக 'உள்ளேன் ஐயா' எழுந்தது. பதினாறு. ராஜாமணி கூட்டினான். மறுபடியும் கூட்டினான். முப்பத்தொன்பது.

"ஒருத்தனுக்கு அம்மை. ஒருத்தி மாமன் ஊருக்குப் போயிருக்குது," என்றார் அந்தோணிசாமி மெதுவாக.

அப்போது கடைசிச் சாலிலிருந்து, யாரும் கூப்பிடாத ஒரு குரல்:

"உள்ளேன் ஐயா."

வீரம்மாளின் மகள் தையல்நாயகி. நாலாவது போன வருஷமே முடித்துவிட்டாள். ஐந்தாவது வல்லத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு தூரம் அந்த ஊரில் பெண்பிள்ளையை அனுப்புவதில்லை. ஜூன் மாதம் அவள் பெயரைச் சிவப்பு மையில் அடித்தவர் அந்தோணிசாமிதான். அவர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன் பேரைக் கூப்பிடலியேம்மா," என்றான் ராஜாமணி.

"எல்லாரயும் கூப்ட்டீங்க. நானும் இங்கதான சார் கீறேன்."

"உட்டுத் தள்ளுங்க சார், அதோட ஒரே பேஜாரு," என்றாள் வீரம்மாள். "கை காயை உதறும். வாய் பழைய புக்கை ஒப்பிச்சிக்கினு கெடக்கும்." ஒரு கைப்பிடி பிடுங்கி மண்ணைத் தட்டினாள். திரும்பாமலே சொன்னாள்: "அஞ்சாவது இங்கியே வந்தா நான் ஒண்ணும் வேணான்னு சொல்லமாட்டேன்."

(இந்தக் கடைசி வாக்கியம் கற்பனையோ என்று சந்தேகம் வந்து டைரியைப் பார்த்தான். இருக்கிறது. அடிக்கோடு போட்டிருக்கிறான்.)

4

அவளை எண்ணினால் ஐந்தாவது வரும். ஐந்தாவது இருந்திருந்தால் அவள் பெயர் அடிக்கப்பட்டிருக்காது, தானாகவே எண்ணப்பட்டிருப்பாள். மக்கள்தான் செல்வம், அவர்கள்மேல் போடுவது முதலீடு என்று சுற்றறிக்கை சொல்லுகிறதே, அது யாரை நினைத்துச் சொன்னதோ அந்த ஆளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. இதை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டுமானால்...

(முறை வந்துவிட்டது.)

5

முடிவு அ: முப்பத்தொன்பது என்று எழுதினான். விதிப்படி சரி. கதை இங்கேயே செத்துவிடுகிறது.

முடிவு ஆ: நாற்பது என்று எழுதினான். புது வாத்தியார் சைக்கிளில் வந்து இறங்கினார், தையல்நாயகி முன்வரிசையில்... (எழுதும்போது கண் கலங்கியது. அதனாலேயே அடித்தான். அந்த வாத்தியார் வானத்திலிருந்து வரப்போவதில்லை. நிஜமாகவே நாற்பது எண்ணிய வேறோர் ஊருக்குப் போக வேண்டியவராக இருந்தால்?)

முடிவு இ: முப்பத்தொன்பது என்று எழுதி, குறிப்புப் பத்தியில் அவளைப் பற்றி இரண்டு வரி. இது அந்த நல்ல 'நான்' எழுதிய முடிவு. ஆனால் குறிப்புப் பத்தியை யாரும் படிப்பதில்லை. ராஜாமணிக்கு எப்படித் தெரியும் என்றால், மாதாமாதம் வந்து சேரும் வருகைப் படிவங்களைக் கூட்டுகிறவன் அவனேதான். இரண்டு வருஷமாக எண்களை மட்டும் கூட்டினான், ஒரு குறிப்பைக்கூடப் படித்ததில்லை. நேற்றுதான் பழைய படிவக் கட்டைப் பிரித்தான். 'ஏழு பேர் ஆடு மேய்க்கப் போயினர்.' 'நடவு; நாளை வருவர்.' 'பிள்ளைகளுக்குப் பள்ளிமேல் விருப்பம் உண்டு, மழையில் கூரை இல்லை.' மேற்கொண்டு படிக்காமல் கட்டிவைத்தான்.

6

நாளைக் காலை பத்து மணிக்குப் படிவம் துரைக்கண்ணு மேஜையில் இருக்க வேண்டும். ராஜாமணி எதை எழுதினாலும் அது கதையின் முடிவாகிவிடும்; அவளுடைய முடிவாகவும் ஆகிவிடும். அவன் அதற்குத் துணியவில்லை, இதை ஒளிக்கவும் இல்லை.

நீங்கள் எழுதுங்கள். பேனா இதோ. எழுதுமுன் ஒரே ஒரு வேலை: அவள் பெயரை ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட்டுவிடுங்கள். பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் யாரும் அன்றைக்குக் கூப்பிடவில்லை.